ஏடிஎச்டி-யோடு வாழவும் வேலை பார்க்கவும்: ஒரு முழுமையான வழிகாட்டி

என் மேசையில் ஒரு படிவம் பதினோரு நாள் கிடந்தது. இரண்டே பக்கம், கீழே ஒரு கையெழுத்து. உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கடைசித் தேதி தெரியும், தவறினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். காலையில் அதைப் பார்க்கும்போதெல்லாம் "சாயங்காலம் வந்ததும் முதல் வேலை இதுதான்" என்று சொல்லிக்கொள்வேன். சாயங்காலம் அது கண்ணுக்கே தெரியாது. பன்னிரண்டாம் நாள் தேதி கடந்துபோயிற்று. அன்று ராத்திரி அந்தப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

ஐந்து நிமிட வேலைக்கு ஏன் இத்தனை நாள்? சோம்பல், அலட்சியம், பொறுப்பின்மை என்று ஊர் சொல்லும். முப்பத்தாறு வயது வரை நானும் அப்படித்தான் நம்பினேன். பிறகுதான் ஒரு மனநல மருத்துவர் இதற்கு ஏடிஎச்டி (ADHD) என்று பெயர் சொன்னார்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே விஷயத்தின் மேல் நிற்கிறது. ஏடிஎச்டி உள்ளவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது நன்றாகவே தெரியும். தெரிந்ததை, அது தேவைப்படும் அந்த நிமிடத்தில் செய்வதுதான் வருவதில்லை. அமெரிக்க உளவியலாளர் ரசல் பார்க்லி பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருவது இதைத்தான். அதனால் "ஞாபகம் வைத்துக்கொள்", "இனிமேல் கவனமாக இரு" போன்ற அறிவுரைகளால் நமக்குப் பயனில்லை. தலைக்குள் நடக்க வேண்டியதை வெளியே எடுத்து, வேலை நடக்கும் இடத்திலேயே, கண்ணெதிரே வைக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்கான வழிகள்தான்.

முதலில், இது என்ன

தமிழில் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என்கிறார்கள். பெயரே பலரைத் தவறான பக்கம் திருப்பிவிடுகிறது. பிடித்த விஷயம் கிடைத்தால் நான்கு மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருப்போம். கவனம் இருக்கிறது. அதை வேண்டிய இடத்தில் வைப்பதும், வேண்டிய நேரத்தில் அங்கிருந்து எடுப்பதும்தான் கடினம். திட்டமிடுவது, தொடங்குவது, நேரத்தைக் கணிப்பது, ஒன்றைச் செய்யும்போதே இன்னொன்றை மனதில் பிடித்து வைப்பது, பொங்கி வரும் பேச்சை அடக்குவது: இந்த மேலாண்மை வேலைகளில் மூளையின் முன்பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே டோபமைன், நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள்கள் வேலை செய்யும் விதம் இதோடு தொடர்புடையது. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள், மரபின் பங்கு ஏறத்தாழ 70 முதல் 80 சதவீதம் என்று காட்டுகின்றன. உங்களுக்கு இருந்தால், பெற்றோரில் ஒருவரையும் உங்கள் பிள்ளையையும் கொஞ்சம் புதிய கண்ணோடு பார்க்கத் தோன்றும்.

"இதெல்லாம் போன் வந்த பிறகு முளைத்த நோய்" என்று யாராவது சொன்னால், லண்டன் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் இப்படிப்பட்ட குழந்தைகளைப் பற்றி உரை நிகழ்த்தியது 1902-இல் என்று சொல்லுங்கள்.

துறுதுறுவென்று ஓடும் பையன்தான் ஏடிஎச்டி-யின் முகம் என்று நினைக்க வேண்டாம். கடைசி பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்து ஜன்னலைப் பார்க்கும் பெண் குழந்தைக்கும் இது இருக்கலாம். என் பள்ளி ரிப்போர்ட் கார்டில் "நல்ல அறிவு, ஆனால் பராக்குப் பார்க்கிறாள்" என்று நான்கு வகுப்புகளில் எழுதியிருந்தார்கள். யாருக்கும் தொந்தரவு தராததால் யாரும் மேற்கொண்டு யோசிக்கவில்லை. வயது ஏறும்போது ஓட்டமும் உள்ளே போய்விடும். உடம்பு நாற்காலியில் இருக்கும், மனம் மட்டும் எழுந்து நடந்துகொண்டே இருக்கும்.

1. முறையான பரிசோதனை

இணையத்தில் வரும் சின்ன வீடியோவைப் பார்த்து "எனக்கும் இருக்கிறது" என்று முடிவுகட்ட வேண்டாம். "எனக்கு இருக்காது" என்றும் முடிவுகட்ட வேண்டாம். மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 என்ற வகைப்பாடு 2013-இல் வந்தது. அதில் கவனம் சார்ந்து 9 அறிகுறிகள், அமைதியின்மையும் அவசரமும் சார்ந்து 9 அறிகுறிகள் உள்ளன. 17 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்கு ஏதாவது ஒரு பட்டியலில் குறைந்தது 5 இருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். சில அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும். வீடு, வேலை என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வாழ்க்கையைப் பாதித்திருக்க வேண்டும்.

இந்த வயதுக் கணக்கு முக்கியம். போன வருடம் திடீரென்று தொடங்கிய மறதிக்கு வேறு காரணம் இருக்கலாம். தூக்கமின்மை, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, தைராய்டு, மனச்சோர்வு, பதற்றம் எல்லாமே கவனத்தைக் கெடுக்கும். அதனால் டாக்டரிடம் போகும்போது பழைய ரிப்போர்ட் கார்டு கிடைத்தால் எடுத்துப் போங்கள். சின்ன வயதில் உங்களை அறிந்த ஒருவரிடம் பேசிக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், "மறதி அதிகம்" என்று பொதுவாகச் சொல்லாமல், கடந்த மாதம் நடந்த ஐந்து சம்பவங்களைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அந்த அறைக்குள் போனதும் எல்லாம் மறந்துவிடும்.

மருந்து பற்றி. மெத்தில்பெனிடேட் போன்ற ஊக்க மருந்துகள் பலருக்கு நன்றாக வேலை செய்கின்றன. ஊக்க மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அட்டோமாக்செட்டின் போன்றவை உண்டு. அதன் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். பசி குறைவது, தூக்கம் கெடுவது, இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் கொஞ்சம் ஏறுவது போன்ற பக்க விளைவுகள் வரலாம். இதய நோய் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். இன்னொருவருடைய மாத்திரையை வாங்கிப் போட்டுப் பார்க்கவே கூடாது. எந்த மருந்து கிடைக்கும், யார் எழுதித் தரலாம் என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். மருந்து எடுப்பதா வேண்டாமா என்பது நீங்களும் மருத்துவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. எடுத்தவர்கள் பலவீனமானவர்கள் இல்லை, எடுக்காதவர்கள் வீரர்களும் இல்லை. என் அனுபவத்தில் மாத்திரை சத்தத்தைக் குறைத்தது. அந்த அமைதியில் எதைச் செய்வது என்பதை மாத்திரை சொல்லித் தரவில்லை. அதற்குத்தான் மீதிப் படிகள்.

2. ஒரு வாரம் குறித்து வைத்து, ஒன்றை மட்டும் பிடியுங்கள்

ஏழு நாள் எதையும் மாற்ற வேண்டாம். மூன்று விஷயங்களை மட்டும் குறியுங்கள்: எதற்குத் தாமதமானேன், எதைத் தொலைத்தேன், எதைத் தொடங்கிவிட்டுப் பாதியில் விட்டேன். பக்கத்தில் நேரமும் இடமும். வாரக் கடைசியில் பார்த்தால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டை விழுவது தெரியும். எனக்குக் காலை 8-க்கும் 9-க்கும் நடுவில்தான் பாதிக் குளறுபடி.

அதிக வலி தருவது எதுவோ அதை மட்டும் முதலில் எடுங்கள். எல்லாவற்றையும் திங்கட்கிழமையிலிருந்து மாற்றிவிடலாம் என்ற ஆசை வரும். ஆரம்ப சூரத்தனம் நம்மிடம் கொஞ்சம் கூடவே உண்டு. அதற்கு இடம் கொடுத்தால் வியாழக்கிழமை எல்லாம் சேர்ந்து சரியும்.

3. எல்லாவற்றுக்கும் ஒரே நோட்டு

நினைவில் பிடித்து வைக்கும் இடம் நமக்குச் சிறியது. அடுப்பங்கரைக்குப் போகும் பத்து அடியில் எதற்கு வந்தோம் என்பது நழுவிவிடும். அதனால் ஒரு யோசனையோ வேலையோ வந்தால் அந்த நொடியே எழுத ஒரு இடம் வேண்டும். ஒன்றே ஒன்று. சட்டைப்பையில் அடங்கும் நோட்டோ, போனில் ஒரு குறிப்பு ஆப்போ, எதுவானாலும் சரி. ஐந்து ஆப்பில் பிரித்து எழுதினால் ஐந்தையும் மறந்துவிடுவோம்.

எழுதினால் மட்டும் போதாது, பார்க்கவும் வேண்டும். ஏற்கெனவே தினமும் தவறாமல் நடக்கும் ஒன்றோடு அதைக் கட்டிவிடுங்கள். காலையில் காபி டம்ளரை மேசையில் வைத்ததும் நோட்டைத் திறப்பது என் வழக்கம். நீளமான பட்டியலிலிருந்து மூன்று வேலைகளை மட்டும் ஒரு தனித் தாளில் எழுதுவேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மணி. "இன்றைக்கு" என்று எழுதிய வேலை எங்கேயும் நடக்காது. "11:30" என்று எழுதியது நடக்க வாய்ப்புண்டு.

4. நேரத்தைக் கண்ணால் பார்க்கும்படி செய்யுங்கள்

நமக்கு நேரம் இரண்டே வகை: இப்போது, இப்போது இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை என்பதும் அடுத்த வருடம் என்பதும் ஒரே தூரத்தில் தெரியும், வியாழக்கிழமை இரவு வரை.

இதற்கு முள் வைத்த கடிகாரம் ரொம்ப உதவும். எண் கடிகாரம் இப்போது மணி என்ன என்பதை மட்டும் சொல்லும். முள் கடிகாரத்தில் மீதி எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு துண்டாகத் தெரியும். குளியலறையில் ஒன்று, வேலை மேசையில் ஒன்று, வாசல் பக்கம் ஒன்று மாட்டுங்கள்.

அடுத்தது, அளந்து பாருங்கள். ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தை மனிதர்கள் எல்லோருமே குறைத்துத்தான் போடுவார்கள். உளவியலாளர்கள் டேனியல் கானிமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே இந்தத் தவறுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்கு அது இன்னும் கூடுதல். குளித்து உடை மாற்றப் பத்து நிமிடம் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். டைமர் வைத்துப் பார்த்தபோது 27 வந்தது. தினமும் செய்யும் ஆறேழு வேலைகளை இப்படி ஒருமுறை அளந்து, அந்த எண்களைக் கதவில் ஒட்டிவிடுங்கள். அளக்காத வேலைக்கு, தோன்றும் நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு போடுங்கள்.

கிளம்பும் நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள். மீட்டிங் 10:00. உட்கார்ந்து மூச்சுவிட 10 நிமிடம், எனவே 9:50-க்கு அங்கே. பயணம் 35, அதனால் 9:15-க்கு வண்டியில். செருப்பு, பை, பூட்டு, "ஐயோ சார்ஜர்" எல்லாம் சேர்த்து 10. ஆக 9:05-க்கு எழுந்துவிட வேண்டும். அலாரம் வைக்க வேண்டியது 9:05-க்கு. 10 மணிக்கு வைத்த அலாரத்தால் தாமதமாகிவிட்டது என்பதைத்தான் தெரிந்துகொள்ள முடியும். அலாரத்தின் பெயரிலேயே "எழுந்திரு, செருப்பைப் போடு" என்று எழுதிவிடுங்கள். அந்த 9:05-க்கு "இதோ, இந்த ஒரு மெயிலை மட்டும்" என்று கை போகும். அந்த மெயில்தான் நம்மைத் தாமதமாக்குவது. அதைத் தொடாதீர்கள்.

5. தொடங்குவது

நம் பாடு முக்கால்வாசி இங்கேதான். வேலை கடினம் என்பதால் நாம் தள்ளிப்போடுவதில்லை. எங்கே கை வைப்பது என்று தெரியாமல், அல்லது சலிப்பின் வாசனை அடித்து, அல்லது ஏற்கெனவே தாமதமாகிவிட்ட அவமானத்தில் நிற்கிறோம். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோல இருக்கும்.

முதலாவதற்கு மருந்து, வேலையைக் கை அசைவாக உடைப்பது. "ரிப்போர்ட் தயார் செய்" என்பது ஒரு வேலை இல்லை, ஒரு மலை. "லேப்டாப்பைத் திற. போன மாத ரிப்போர்ட்டை நகல் எடு. தேதியை மாற்று." இவை வேலைகள். எழுதிய வரியைப் படித்ததும் உங்கள் கை என்ன செய்யும் என்பது உங்களுக்குப் படமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இன்னும் உடையுங்கள்.

அதோடு ஒரு கொக்கி வையுங்கள். "இது நடந்தால், இதைச் செய்வேன்" என்ற வடிவில் போடும் திட்டம், வெறும் தீர்மானத்தைவிட நன்றாக நிறைவேறுகிறது என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களில் ஆராய்ந்து காட்டினார். "சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததும், நின்ற இடத்திலிருந்தே வங்கிக்குப் போன் செய்வேன்." மதியம் என்று சொல்லாதீர்கள். தட்டு கண்ணுக்குத் தெரியும், மதியம் தெரியாது.

சலிப்புக்கு, இன்னொரு மனிதர். உதவி செய்ய வேண்டியதில்லை, கூட இருந்தால் போதும். ஏன் இது வேலை செய்கிறது என்று எனக்குத் தெளிவாக விளக்க வராது. ஆனால் எனக்கு வேறு எதுவும் இந்த அளவுக்குக் கைகொடுத்ததில்லை. மறு வருடம் அதே படிவம் வந்தபோது, பேனாவை அதன் மேலேயே கிளிப் போட்டு லேப்டாப் விசைப்பலகையின் மேல் வைத்தேன், அதை நகர்த்தாமல் எதையும் தட்ட முடியாதபடி. பிறகு அக்காவுக்கு வீடியோ போன் செய்தேன்.

"அக்கா, அந்தப் படிவம். நீ சும்மா லைனில் இரு."

"சரி, எழுதுடி. நான் துணி மடிச்சுக்கிட்டு இருக்கேன். போனை வைக்காதே."

இருவரும் பேசவேயில்லை. மூன்றாவது கட்டத்தில் ஒரு எண் தேவைப்பட்டது. எழுந்து தேடப் போனால் அவ்வளவுதான் என்று தெரிந்ததால், அந்த இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன். கையெழுத்துப் போட்டு முடித்தபோது ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது. அக்கா பாதித் துணிதான் மடித்திருந்தாள்.

25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற முறையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1980-களின் கடைசியில் இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரிலோ மாணவராக இருந்தபோது உருவாக்கியது. நல்ல முறைதான், ஆனால் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். தொடங்கவே முடியாத நாளில் 7 நிமிடம் வையுங்கள். வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது மணி அடித்தால், நிறுத்தாமல் தொடரலாம். ஓய்வில் போனை எடுக்காதீர்கள். அந்த 5 நிமிடம் 50 ஆகிவிடும். எழுந்து நடங்கள்.

6. வேலை செய்யும் இடம்

வாய்வழி உத்தரவு நமக்கு எதிரி. நடந்துகொண்டே மேலாளர் சொன்ன மூன்று விஷயங்களில் ஒன்றுதான் மிஞ்சும். பேச்சு முடிந்த உடனே இரண்டு வரி மெயில் போடுங்கள்: "நீங்கள் சொன்னபடி முதலில் இதை முடித்துப் புதன்கிழமைக்குள் தருகிறேன், சரிதானே?" யாரும் இதைத் தவறாக நினைப்பதில்லை. பொறுப்பானவர் என்றுதான் பெயர் வரும்.

நடுவில் யாராவது கூப்பிட்டால், எழுந்திருக்கும் முன் ஒரு வரி எழுதிவிட்டு எழுங்கள்: "அடுத்து, நான்காம் அட்டவணையின் கூட்டலைச் சரிபார்." திரும்பி வந்ததும் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகலாம். இந்தப் பத்து விநாடிப் பழக்கம் எனக்குத் தினமும் அரை மணி நேரமாவது மிச்சம் பிடிக்கிறது.

கோபத்தில் எழுதிய பதிலை உடனே அனுப்பாதீர்கள். எழுதுங்கள், ஆனால் பெறுநர் இடத்தைக் காலியாக விட்டு எழுதுங்கள். இருபது நிமிடம் கழித்துப் படித்துவிட்டுப் பெயரைப் போடலாம். புது வேலைக்கு "ஆமாம், செய்கிறேன்" என்று சட்டென்று தலையாட்டும் பழக்கத்துக்கும் இதே மாதிரி ஒரு தடுப்பு வேண்டும்: "என் பட்டியலைப் பார்த்துவிட்டு மதியத்துக்குள் சொல்கிறேன்."

அலுவலகத்தில் இதைச் சொல்வதா? அது உங்கள் மேலாளர் எப்படிப்பட்டவர், உங்கள் நாட்டுச் சட்டம் என்ன பாதுகாப்பு தருகிறது என்பதைப் பொறுத்தது. பெயரைச் சொல்லாமலேயே தேவையைக் கேட்கலாம். "சத்தம் குறைந்த மூலையில் உட்கார்ந்தால் வேகமாக முடிப்பேன்", "பெரிய வேலைக்கு நடுவில் இரண்டு சின்ன கெடு வைத்தால் எனக்கு வசதி" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அந்த நடுக் கெடு வந்ததும் வேறு யாராவது உண்மையிலேயே "முடிந்ததா?" என்று கேட்க வேண்டும். நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் கெடு நம்மை ஏமாற்றாது என்று நம்ப வேண்டாம்.

7. வீடும் பணமும்

கண்ணில் படாத பொருள் நமக்கு இல்லாத பொருள். மூடிய அலமாரியைவிடத் திறந்த தட்டும், கண்ணாடி டப்பாவும் மேல். சாவி, பர்ஸ், கண்ணாடி மூன்றுக்கும் வாசலருகில் ஒரே கிண்ணம். நாளை எடுத்துப்போக வேண்டியதை இன்றிரவே செருப்பின் மேல் வைத்துவிடுங்கள். மாதக் கட்டணங்களைத் தானாகக் கழியும்படி வங்கியில் ஒருமுறை ஏற்பாடு செய்துவிட்டால் பல அபராதங்கள் நிற்கும். இணையத்தில் பொருள் வாங்கத் தோன்றினால் கூடையில் போட்டு ஒரு நாள் விடுங்கள். கார்டு எண்ணைச் சேமித்து வைக்காதீர்கள்.

கூட வாழ்பவரைப் பற்றி ஒன்று. அவரை உங்கள் அலாரமாக ஆக்கிவிடாதீர்கள். "ஞாபகப்படுத்து" என்று நீங்களே கேட்பீர்கள், ஞாபகப்படுத்தினால் எரிச்சல் வரும், நாளடைவில் இருவரும் மேற்பார்வையாளரும் வேலைக்காரருமாக மாறிவிடுவீர்கள். வாரத்தில் ஒரு நாள் இருபது நிமிடம் உட்கார்ந்து, எது யார் பொறுப்பு என்று பேசி, சுவரில் எழுதி ஒட்டுங்கள். அதன் பிறகு நினைவூட்டுவது சுவரின் வேலை.

8. உடம்பு

தூக்கம் குறைந்தால் மேலே சொன்ன எதுவும் வேலை செய்யாது. ஏடிஎச்டி உள்ள பலருக்குத் தூக்கம் வரும் நேரமே தள்ளிப்போகிறது. ராத்திரி பதினொன்றுக்குத்தான் மூளை விழித்துக்கொள்வது போல இருக்கும். எழும் நேரத்தை விடுமுறையிலும் மாற்றாதீர்கள், எழுந்ததும் வெயிலில் நில்லுங்கள், போனை வேறு அறையில் சார்ஜ் போடுங்கள். காபியில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும், மதியத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கடினமான வேலைக்கு முன் இருபது நிமிடம் வேகமாக நடந்தால் அன்றைக்குக் கொஞ்சம் பிடிமானம் கிடைக்கும்.

9. மனம்

வருடக்கணக்காகத் திட்டு வாங்கிய மனம் சும்மா இருக்காது. சின்ன விமர்சனத்துக்கே உடைந்துபோவதும், மனச்சோர்வும் பதற்றமும் கூடவே வருவதும் இதில் சாதாரணம். பெரியவர்களின் ஏடிஎச்டி-க்கென்றே அறிதல்-நடத்தை சிகிச்சை உண்டு. 2010-இல் வெளியான ஆய்வுகள் அது உதவுவதைக் காட்டின. ஏடிஎச்டி-யை அறிந்த உளவியலாளரைத் தேடிப் போங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம், அன்றே மருத்துவரிடமோ உங்கள் நாட்டின் உதவி எண்ணிலோ பேசுங்கள்.

10. எல்லாம் நின்றுபோகும் நாள்

எந்த முறையும் மூன்று நான்கு வாரம் அழகாக ஓடும். பிறகு ஒரு காய்ச்சல், ஒரு பயணம், ஒரு வீட்டு விசேஷம், நோட்டு அப்படியே மூடிக் கிடக்கும். முறை தவறானது என்று இதற்கு அர்த்தம் இல்லை. புதுமை தீர்ந்ததும் நம் மூளை பிடியை விடும், அவ்வளவுதான். அப்போது புது ஆப், புது நோட்டு, புதுத் திட்டம் என்று தேடினால் மறுபடி மூன்று வாரம்தான். நான் நோட்டின் நிறத்தை மட்டும் மாற்றுகிறேன். முறையை மாற்றுவதில்லை.

விட்ட நாட்களை நிரப்ப முயலாதீர்கள். முடியாத பழைய பட்டியலை எடுத்து எழுதவும் வேண்டாம். முக்கியமானது தானாகத் திரும்பி வரும். இந்த நிலைக்கு முன்கூட்டியே ஒரு அட்டை தயார் செய்யுங்கள். என் நோட்டின் உள் அட்டையில் நான்கு வரி ஒட்டியிருக்கிறேன், நன்றாக இருந்த ஒரு நாளில் எழுதியது: "புதுப் பக்கத்தைத் திருப்பு. இன்றைய தேதி போடு. ஒரே ஒரு வேலை எழுது, மணியோடு. அக்காவுக்குப் போன் செய்."